2 கிலோபைட் ராமில் ஆறு டாஸ்க்: நிகழ்வு சார்ந்த ஓஎஸ் எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது

கேள்வி இதுதான். ஏடிமெகா328 சிப்பை (ஏவிஆர் என்ற 8 பிட் குடும்பம்) வைத்து போர்வெல் மோட்டாருக்கு ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிறீர்கள். ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற சிறிய ஓஎஸ்ஸை (இயங்குதளம்) போட்டு, மோட்டார் சூடு, நீர்மட்டம், பட்டன்கள், எல்சிடி, ஜிஎஸ்எம் மோடம் என்று ஐந்து டாஸ்க் (தனித்தனி வேலை) ஓடுகின்றன. நடந்ததையெல்லாம் ஈப்ராமில் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகம்) பதிய ஆறாவதாக ஒரு டாஸ்க்கைச் சேர்த்தீர்கள். அன்றிலிருந்து பெட்டி தானாக ரீசெட் ஆகிறது. கான்டிக்கி, டைனிஓஎஸ் மாதிரி 'ஈவன்ட் டிரிவன்' (நிகழ்வு சார்ந்த) ஓஎஸ்ஸுக்கு மாறினால் சரியாகிவிடுமா என்று கேட்கிறீர்கள்.

அந்த முறைக்கு மாறலாம். அந்த இரண்டு ஓஎஸ்ஸுக்கும் மாற வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் வேறு ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்எம் மோடம் சிக்னல் அனுப்பும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். சப்ளை தாங்காமல் வோல்டேஜ் சரிந்தாலும் சிப் ரீசெட் ஆகும். அதற்கு எந்த ஓஎஸ் போட்டும் பயனில்லை. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. ஏவிஆர் சிப்பில் எம்சியூஎஸ்ஆர் என்ற ரிஜிஸ்டர் கடைசி ரீசெட்டின் காரணத்தைக் குறித்து வைத்திருக்கும். வோல்டேஜ் சரிந்திருந்தால், பிரவுன்-அவுட் (வோல்டேஜ் சரிவைக் கவனிக்கும்) வசதியை இயக்கி வைத்திருக்கும் பட்சத்தில், அதற்கான பிட் 1 ஆகியிருக்கும். ஸ்டாக் (ஓடும் வேலை தன் இடைக்கால விவரங்களையும் திரும்ப வேண்டிய முகவரியையும் வைக்கும் ராம் பகுதி) நிரம்பி வழிந்தால் அப்படி எதுவும் பதிவாகாது. ஏனென்றால் அது உண்மையான ரீசெட்டே இல்லை: திரும்பிப் போக வேண்டிய முகவரி அழிந்து, புரோகிராம் எங்கெங்கோ சுற்றி, கடைசியில் பூஜ்ஜியம் முகவரிக்கு வந்து மறுபடி முதலிலிருந்து ஓடுகிறது. பார்க்க ரீசெட் மாதிரி இருக்கும், அவ்வளவுதான். சில பூட்லோடர்கள் (உங்கள் நிரலுக்கு முன்னால் ஓடும் சிறு நிரல்) அந்த ரிஜிஸ்டரை உங்கள் கைக்கு வருமுன்னே துடைத்துவிடும், அதையும் கவனியுங்கள்.

சரி, சப்ளை நன்றாகத்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது பிரச்சினை ராம்.

ஒரு சின்ன அறையில் ஆறு குமாஸ்தாக்கள், ஆளுக்கொரு மேசை. ஒருவர் பதில் கடிதத்துக்காகக் காத்திருந்து கண்ணயர்ந்தாலும் அவர் விரித்து வைத்த தாள்கள் அப்படியே கிடக்க வேண்டும். ஐந்து பேர் தூங்கி ஒருவர் மட்டும் வேலை பார்க்கும் நேரத்திலும் ஆறு மேசையும் அறையை அடைத்துக்கொண்டுதான் நிற்கும். ஃப்ரீஆர்டிஓஎஸ் மாதிரி ஓஎஸ்களில் ஒவ்வொரு டாஸ்க்குக்கும் தனி ஸ்டாக் ஒதுக்குவது இதுதான். பெரிய அறையில், அதாவது 64 கிலோபைட், 256 கிலோபைட் ராம் உள்ள ஏஆர்எம் சிப்பில், யாரும் இதைப் பொருட்படுத்த மாட்டார்கள். உங்கள் அறை 2,048 பைட்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு டாஸ்க்கை நிறுத்தி இன்னொன்றுக்குத் தாவும்போது ஏவிஆரின் 32 ரிஜிஸ்டர், ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டர் ஒன்று, புரோகிராம் கவுன்டர் 2 பைட், ஆக 35 பைட் அந்த டாஸ்க்கின் ஸ்டாக்கில் போய் உட்காரும். டாஸ்க்கின் சொந்த ஃபங்ஷன் அழைப்புகளுக்கு 120 பைட் என்று வைப்போம் (வாசகத்தை வடிவமைக்க எங்காவது ராமைத் தின்னும் ஸ்பிரின்ட்எஃப் ஃபங்ஷனைக் கூப்பிட்டிருந்தால் இதை மறந்துவிடுங்கள்). இன்டரப்ட் (ஓடும் வேலையை இடைமறித்து வரும் வன்பொருள் அழைப்பு) வந்தால் அதற்கு 45 பைட். இந்த மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஏவிஆரில் இன்டரப்ட்டுக்கென்று தனி ஸ்டாக் கிடையாது; அந்த நேரத்தில் எந்த டாஸ்க் ஓடுகிறதோ அதன் ஸ்டாக்கிலேயே வந்து விழும். எப்போது வரும் என்று தெரியாததால் ஆறு டாஸ்க்கிலும் அந்த 45-ஐ ஒதுக்கியே ஆக வேண்டும். மொத்தம் டாஸ்க்குக்கு 200, ஆறுக்கு 1,200. இதன்மேல் ஐடில் டாஸ்க்கின் ஸ்டாக், கியூக்கள், கர்னலின் சொந்தச் செலவு, அர்டுயினோ சீரியல் பஃபர் இரண்டும் சேர்த்து 128. போதாக்குறைக்கு, எல்சிடியில் காட்ட எழுதிய வாசகங்களை ஃபிளாஷிலேயே (நிரல் குடியிருக்கும் நினைவகம்) இருக்கும்படி குறிப்பாகச் சொல்லாவிட்டால் அவையும் ராமில் ஏறிக்கொள்ளும். ஆறாவது டாஸ்க்கில் அறை நிரம்பியதில் ஆச்சரியம் இல்லை.

நிகழ்வு சார்ந்த முறையில் அறையில் ஒரே மேசை, ஒரே ஆள். தட்டில் வந்து விழும் காகிதங்களை ஒவ்வொன்றாக எடுப்பார். எடுத்ததை முடித்து மேசையைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். காகிதம்தான் நிகழ்வு: டைமர் அடித்தது, பட்டன் அழுந்தியது, சீரியலில் ஒரு பைட் வந்தது. காகிதம் விழும் தட்டு, கியூ. ஒவ்வொரு வகை நிகழ்வுக்கும் ஒரு ஹேண்ட்லர் ஃபங்ஷன். பாதியில் நிற்கும் வேலை எதுவும் மேசையில் கிடக்காது என்பதால் ஒரு மேசை போதும். ஆறு வேலைகளின் ஸ்டாக் தேவையைக் கூட்ட வேண்டியதில்லை, ஆறில் பெரியது எதுவோ அதற்கு இடம் இருந்தால் சரி. மேலே சொன்ன கணக்கில் 120, இன்டரப்ட்டுக்கு 45, ஆக 165 பைட். தாராளமாக இன்னொரு 100 விட்டாலும் 265. கிட்டத்தட்ட 900 பைட் கைக்கு வருகிறது. இந்த வகை ஓஎஸ்களைப் பற்றி 'வேகம்', 'சிறியது' என்று என்னென்னவோ சொல்வார்கள். எனக்குத் தெரிந்து எல்லாவற்றுக்கும் வேர் இந்த ஒரே ஸ்டாக்தான்.

இதற்கு ஒரு விலை உண்டு. எந்த ஹேண்ட்லரும் உட்கார்ந்து காத்திருக்கக் கூடாது.

உங்கள் மோட்டார் சூட்டை அளக்கும் டிஎஸ்18பி20 சென்சாரையே எடுத்துக்கொள்வோம். 12 பிட் துல்லியத்தில் ஒரு அளவை எடுக்க அதற்கு 750 மில்லிவிநாடி வரை ஆகும். இப்போது 'அள' என்று கட்டளை கொடுத்துவிட்டு டிலே 750 போட்டு, பிறகு படிக்கிறீர்கள். தனி ஸ்டாக் உள்ள டாஸ்க்கில் அது தப்பில்லை, அவர் மேசையில் அவர் தூங்குகிறார். ஒற்றை மேசையில் அதே வரியை எழுதினால் முக்கால் விநாடி பெட்டியே செத்துக் கிடக்கும். 9600 பாட் வேகத்தில் மோடத்திலிருந்து ஏறக்குறைய 1 மில்லிவிநாடிக்கு ஒரு பைட் வரலாம். அந்த இடைவெளியில் 700-க்கும் மேற்பட்ட பைட் வர வாய்ப்பிருக்கிறது, பஃபரோ 64 பைட். குறுஞ்செய்தியின் வாலும் தலையும் காணாமல் போகும்.

ஆகவே வேலையை இரண்டாக வெட்ட வேண்டும். முதல் பாதி: 'அள' என்று சொல், 750 மில்லிவிநாடிக்கு டைமர் வை, வெளியே வா. இரண்டாம் பாதி: டைமர் நிகழ்வு வந்ததும் அளவைப் படி. டைனிஓஎஸ்காரர்கள் இதற்கு 'ஸ்பிளிட்-ஃபேஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஈப்ராமும் அப்படித்தான். ஒரு பைட் எழுத 3 மில்லிவிநாடிக்கு மேல் ஆகும். 20 பைட் பதிவை ஒரே மூச்சில் எழுதினால் 60 மில்லிவிநாடிக்கு மேல் போய்விடும். ஒரு பைட்டைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, ஈப்ராம் 'தயார்' இன்டரப்ட் வந்ததும் அடுத்த பைட்டைக் கொடுங்கள்.

வரலாற்றைத் தொட்டுவிட்டுப் போகிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்ட இரண்டு ஓஎஸ்ஸின் குணமும் அங்கேதான் விளங்கும். டைனிஓஎஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பிறந்தது. 2000-இல் ஜேசன் ஹில், டேவிட் கல்லர் முதலானோர் அதைப் பற்றி எழுதிய கட்டுரையில், வயர்லெஸ் சென்சார்களுக்கான அந்த ஓஎஸ் 178 பைட்டில் அடங்கிவிடுகிறது என்று சொன்னார்கள். அவர்கள் கையிலிருந்த சிப்பில் 512 பைட் ராம்தான். உங்களிடம் இருப்பதில் கால் பங்கு. 2002-இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கரையோரத்தில் உள்ள கிரேட் டக் தீவில், கடற்பறவைகள் முட்டையிடும் வளைகளுக்குள்ளும் வெளியிலுமாக 32 சென்சார்களை வைத்தார்கள். மனிதர் அடிக்கடி போனால் பறவை கூட்டைக் கைவிட்டுவிடும் என்பதால் பேட்டரி மாற்றக்கூடப் போகக் கூடாது. 'வேலை இல்லையா, தூங்கு' என்ற குணம் இந்த ஓஎஸ்களின் ரத்தத்தில் ஊறியது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

டைனிஓஎஸ்ஸில் எனக்குப் பிடித்தது, அவர்கள் ஒரு தப்பைத் திருத்திய விதம். முதல் பதிப்புகளில் எல்லாருக்கும் பொதுவாக ஒரே டாஸ்க் கியூ. ஏதாவது ஒரு பகுதி ஆர்வக்கோளாறில் அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கியூவை நிரப்பிவிட்டால், சம்பந்தமே இல்லாத வேறொரு பகுதியின் வேலை உள்ளே நுழைய முடியாமல் நின்றுவிடும். 2-ஆம் பதிப்பில் டாஸ்க் ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஓர் இடம், அதற்கு 1 பைட். ஏற்கெனவே வரிசையில் இருப்பதை மறுபடி போட்டால் 'இருக்கிறது' என்று திருப்பி அனுப்பும். கியூ நிரம்பும் பேச்சுக்கே இடமில்லை. உங்கள் பெட்டிக்கும் இதையே சிபாரிசு செய்வேன், பின்னால் வருகிறேன்.

பிடிக்காதது, அதை எழுத நெஸ்சி என்று ஒரு தனி மொழியே கற்க வேண்டும் என்பது. சி மொழியின் நீட்சிதான், ஆனால் எல்லாமே துண்டு துண்டான கூறுகள், அவற்றைக் கம்பி இழுத்து இணைப்பது தனி வேலை. ஒரு எல்இடி எரிய இரண்டு கோப்பு. இரண்டு இடங்களிலிருந்து ஒரே மாறியைத் தொட்டால் கம்பைலரே கண்டுபிடித்து எச்சரிக்கும், அது உண்மையிலேயே பெரிய வசதி. ஆனாலும் புதிதாக வருபவருக்கு ஏணி செங்குத்து. இன்று ஒரு புது வேலைக்கு யாரும் அதை எடுப்பதாக நான் பார்க்கவில்லை.

கான்டிக்கி ஸ்வீடனிலிருந்து வந்தது. ஆடம் டங்கெல்ஸ் அங்குள்ள கணினி அறிவியல் ஆய்வு நிறுவனத்தில் இருந்தபோது எழுதியது. 2003-இல் முதலில் வெளிவந்தபோது அது கொமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினியில் வலைப்பக்கம் பார்க்க உதவிய விளையாட்டு முயற்சி. பிறகுதான் சென்சார் உலகத்துக்குள் வந்தது. 1947-இல் தோர் ஹெயர்டால் பசிபிக் கடலைக் கடந்த கான்-டிக்கி மரத்தெப்பத்தின் பெயர்தான் இதற்கும். தெப்பத்தில் ஏற்றக்கூடியதை மட்டும் ஏற்று என்பதாக நான் எடுத்துக்கொள்வேன். முழுக்க சாதாரண சி மொழி. ஆனால் வழக்கமான அமைப்பில் 2 கிலோபைட் ராமும் 40 கிலோபைட் ஃபிளாஷும் கேட்கும் என்று அவர்களே குறிப்பிட்டிருக்கிறார்கள். உங்கள் சிப்பில் மொத்த ராமே 2, ஃபிளாஷ் 32. ஐபி நெட்வொர்க் வேண்டும் என்பவர்களுக்கான சாமான் அது. 2017-இல் பிரிந்து வளர்ந்த கான்டிக்கி-என்ஜி இன்னும் ஒரு படி மேலே போய் 32 பிட் சிப்களைத்தான் முக்கியமாகக் குறிவைக்கிறது. உங்களுக்கு அதிலிருந்து வேண்டியது ஒன்றே ஒன்று, புரோட்டோதிரெட்.

அது என்ன என்று கேட்டால், உங்கள் ஜிஎஸ்எம் மோடத்தைக் காட்டித்தான் விளக்க வேண்டும். குறுஞ்செய்தி அனுப்புவது ஒரு நீண்ட சடங்கு. ஏடி+சிஎம்ஜிஎஸ் கட்டளையும் எண்ணும் அனுப்பு, மோடம் அம்புக்குறி காட்டும்வரை காத்திரு, வாசகத்தை அனுப்பு, கன்ட்ரோல்-இசட் போடு, 'ஓகே' அல்லது 'எரர்' வரும்வரை, அதிகபட்சம் இத்தனை விநாடி, காத்திரு. வரிசையாகச் சொன்னால் குழந்தைக்கும் புரியும். இதையே நிகழ்வு முறையில் வெட்டினால், நிலை 1, நிலை 2, நிலை 3 என்று ஒரு ஸ்டேட் மெஷின் ஆகிவிடும். ஒவ்வொரு நிலையிலும் என்ன நிகழ்வு வந்தால் எங்கே தாவுவது என்று ஒரு சுவிட்ச்-கேஸ். ஆறு மாதம் கழித்து நீங்களே அதைத் திறந்து பார்த்தால் தலை சுற்றும்.

டங்கெல்ஸும் கூட்டாளிகளும் 2005, 2006 வாக்கில் கொண்டுவந்த புரோட்டோதிரெட் இந்தச் சிக்கலுக்கு ஒரு குறுக்கு வழி. நீங்கள் மேலிருந்து கீழாக, 'இது நடக்கும்வரை காத்திரு' என்று இயல்பாக எழுதுவீர்கள். காத்திரு என்பது ஒரு மேக்ரோ. அது மூன்று காரியம் செய்கிறது: இப்போதைய வரி எண்ணை 2 பைட் மாறி ஒன்றில் குறித்து வைக்கும், அதே வரி எண்ணைப் பெயராகக் கொண்டு ஒரு கேஸ் லேபிளை அங்கேயே நடும், நிபந்தனை இன்னும் நிறைவேறவில்லை என்றால் ஃபங்ஷனை விட்டு வெளியேறிவிடும். அடுத்த முறை ஃபங்ஷன் கூப்பிடப்படும்போது, தலைப்பிலுள்ள ஒரு சுவிட்ச் அந்த 2 பைட்டைப் பார்த்து நேராக விட்ட வரிக்குத் தாவும். வொய்ல் லூப்பின் நடு வயிற்றில் கேஸ் லேபிள் வைக்க சி மொழி அனுமதிப்பதால்தான் இந்தத் தந்திரம் நடக்கிறது. 1983-இல் டாம் டஃப் வேறு காரணத்துக்காகப் பயன்படுத்திப் பிரபலமான அதே விநோதம்.

பழைய குமாஸ்தா கதையில் சொன்னால், மேசையைத் துடைக்குமுன் 'எத்தனையாவது வரியில் விட்டேன்' என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைக்கிறார். சீட்டு 2 பைட். தனி ஸ்டாக்குக்கு 200 பைட்.

துடைத்த மேசை துடைத்ததுதான் என்பதை மறந்தால் அடி விழும். ஃபங்ஷனுக்குள் அறிவித்த சாதாரண மாறிகள் காத்திருப்பைத் தாண்டிப் பிழைக்காது. ஃபார் லூப்பில் ஐ என்று ஒரு எண்ணியை வைத்து, லூப்புக்குள் 'காத்திரு' போட்டால், திரும்பி வரும்போது ஐயில் என்ன இருக்கும் என்பது கடவுளுக்கே வெளிச்சம். அதைவிட மோசம், சோதிக்கும்போது தற்செயலாகச் சரியான எண்ணே இருந்து உங்களை ஏமாற்றுவது. மாறியை ஸ்டேட்டிக் ஆக்குங்கள், அல்லது அந்த வேலைக்கான ஸ்ட்ரக்டில் வையுங்கள். உள்ளே இன்னொரு சுவிட்ச் எழுதி அதன் வயிற்றில் காத்திருக்க முடியாது, கேஸ் லேபிள்கள் உள் சுவிட்சோடு ஒட்டிக்கொள்ளும். ஒரே வரியில் இரண்டு 'காத்திரு'வும் கூடாது, வரி எண் ஒன்றாகிவிடும்.

எல்லாவற்றுக்கும் புரோட்டோதிரெட்டும் சரிவராது. மோடம் மாதிரி வரிசைச் சடங்குக்கு அது. மோட்டாருக்கு வெளிப்படையான ஸ்டேட் மெஷின்தான் பாதுகாப்பு: 'நிற்கிறது', 'கிளம்புகிறது', 'ஓடுகிறது', 'சூட்டால் நிறுத்தப்பட்டது' என்று நான்கு நிலை, எந்த நிலையிலும் எந்த நிகழ்வும் வரலாம். அங்கே அட்டவணை போட்டு, ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டும். 'கிளம்புகிறது' நிலையில் 'நிறுத்து' பட்டன் அழுந்தினால் என்ன என்ற கட்டத்தை யாராவது விட்டிருப்பார்கள்.

இனி பலர் தவறாக நம்பும் ஒரு விஷயம். ஒரு ஹேண்ட்லர் முடிந்துதான் அடுத்தது என்பதால் பூட்டே தேவையில்லை, மியூடெக்ஸ் வேண்டாம், எல்லாம் பத்திரம் என்பார்கள். ஹேண்ட்லர்களுக்கு இடையில் அது உண்மை. இன்டரப்ட்டுக்கும் ஹேண்ட்லருக்கும் இடையில் உண்மை இல்லை. நீரோட்ட மீட்டரின் துடிப்புகளை எண்ணும் 16 பிட் எண்ணி ஒன்றை இன்டரப்ட் கூட்டுகிறது, உங்கள் ஹேண்ட்லர் படிக்கிறது என்று வையுங்கள். சிப் 8 பிட். இரண்டு பைட்டை இரண்டு தடவையாகத்தான் படிக்கும். எண்ணி 255-இல் இருக்கும்போது கீழ் பைட்டைப் படித்தாயிற்று, அது 255. அந்த நொடியில் இன்டரப்ட் வந்து எண்ணியை 256 ஆக்குகிறது. இப்போது மேல் பைட்டைப் படித்தால் 1. சேர்த்துப் பார்த்தால் 511. மாறிக்கு வாலடைல் (ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்தே படி என்று கம்பைலருக்குச் சொல்லும் குறிப்பு) என்று போட்டிருந்தாலும் இது நடக்கும். படிக்கும் அந்த இரண்டு வரிக்கு மட்டும் இன்டரப்ட்டை நிறுத்தி வையுங்கள்.

இதைவிடக் கள்ளத்தனமான பூச்சி தூக்கத்தில் இருக்கிறது. நான் ஒருமுறை இதில் மூன்று வாரம் தொலைத்திருக்கிறேன். பேட்டரியில் ஓடும் ஒரு நீர்மட்டக் கருவி. கியூ காலி என்றால் தூங்கு, இன்டரப்ட் வந்தால் எழு என்று நானே எழுதிய லூப். மேசையில் வைத்துச் சோதித்தபோது ஒரு குறையும் இல்லை. களத்தில் சில நாளைக்கு ஒருமுறை, மிதவை சுவிட்ச் மாறியது பத்து நிமிடம் தாமதமாகத் தெரிந்தது. எப்போதும் கிட்டத்தட்ட பத்து நிமிடத்துக்குள். வயரைச் சந்தேகப்பட்டேன், மிதவையைச் சந்தேகப்பட்டேன், எறும்பு புகுந்த கனெக்டர்கூட மாற்றியாயிற்று. கடைசியில் பார்த்தால் தப்பு இரண்டு வரிக்கு நடுவில். 'கியூ காலியா?' என்று பார்த்தேன், காலி. அடுத்த வரி 'தூங்கு'. அந்த இரண்டுக்கும் நடுவில், சில மைக்ரோவிநாடி இடைவெளியில் மிதவை இன்டரப்ட் வந்தால்? அது கியூவில் நிகழ்வைப் போட்டுவிட்டுப் போய்விடும். கருவியோ 'காலி' என்ற பழைய பதிலை நம்பித் தூங்கிவிடும். அடுத்த இன்டரப்ட், அதாவது பத்து நிமிட டைமர், எழுப்பும்போதுதான் அந்த நிகழ்வு கண்ணில் படும். மில்லிவிநாடிக்கு ஒருமுறை டிக் அடித்துக்கொண்டிருந்த பழைய பதிப்பில் இந்தத் தப்பு இருந்தும் தெரியவில்லை. பேட்டரியை மிச்சம் பிடிக்க நான் டிக்கை எடுத்த அன்று வெளியே வந்தது.

தீர்வு ஒவ்வொரு சிப்பிலும் ஒவ்வொரு மாதிரி. இன்டரப்ட்டை நிறுத்திவிட்டுத்தான் கியூவைப் பார்க்க வேண்டும் என்பது பொது. ஏவிஆரில் காலி என்றால் எஸ்இஐ (இன்டரப்ட்டைத் திறக்கும் கட்டளை), உடனே அடுத்த கட்டளையாக ஸ்லீப். எஸ்இஐக்கு அடுத்து வரும் ஒரு கட்டளை எந்த இன்டரப்ட்டுக்கும் முன்னால் ஓடியே தீரும் என்று சிப்பே உத்தரவாதம் தருகிறது. ஆகவே நடுவில் யாரும் நுழைய முடியாது, காத்திருந்த இன்டரப்ட் தூங்கியவுடனே எழுப்பிவிடும். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு எல்இடியை அணைக்கும் வரியைச் செருகினாலும் உத்தரவாதம் போச்சு. எம்எஸ்பி430-இல் இன்டரப்ட்டைத் திறப்பதும் தூங்குவதும் ஒரே கட்டளையில் நடக்கும். ஏஆர்எம் கார்டெக்ஸ்-எம் சிப்பில் இன்டரப்ட்டை மூடி வைத்துக்கொண்டே டபிள்யூஎஃப்ஐ (இன்டரப்ட் வரும்வரை தூங்கும் கட்டளை) கொடுக்கலாம். வந்து நிற்கும் இன்டரப்ட் அப்போதும் எழுப்பும், எழுந்தபிறகு திறந்தால் போதும்.

உங்கள் மோட்டார் பெட்டி கரண்டில்தான் ஓடுகிறது, தூங்காவிட்டாலும் பரவாயில்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொன்னேன்.

நிகழ்வு முறை நொண்டுவது நீண்ட கணக்குகளில். குறியாக்கக் கையொப்பம் மாதிரி விநாடிக் கணக்கில் ஓடும் வேலை 8 பிட் சிப்பில் இருந்தால், அது முடியும்வரை மற்ற எல்லாரும் வாசலில் நிற்க வேண்டியதுதான். கான்டிக்கிகாரர்களே இதை ஒப்புக்கொண்டு, அப்படிப்பட்ட வேலைக்கு மட்டும் தனி ஸ்டாக்கோடு ஓடும் திரெட் நூலகம் ஒன்றைச் சேர்த்தார்கள்.

இதற்கு இன்னொரு அழகான வழி உண்டு, ஒரே ஸ்டாக்கிலேயே முந்திக்கொள்வது. இன்டரப்ட்டைப் பாருங்கள்: ஓடுகிற வேலையின் ஸ்டாக் மேலேயே தன் தட்டை வைத்து, வேலையை முடித்து, தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. அவசர டாஸ்க்குகளையும் அப்படியே நடத்தினால்? மேலே வந்தவர் காத்திருக்காமல் முடித்துவிட்டுத்தான் போவார் என்ற ஒரு விதியைக் காத்தால், தட்டுமேல் தட்டாக அடுக்கி, மேலிருந்து எடுக்கலாம். எந்த இடத்திலும் குழப்பம் வராது. தியோடர் பேக்கர் 1990-களின் தொடக்கத்தில் இதற்குக் கணித அடிப்படை கொடுத்தார். கார்களுக்கான ஓஎஸ்இகே தரத்தின் அடிப்படை டாஸ்க்குகள், மீரோ சமேக்கின் கியூபி கட்டமைப்பில் உள்ள கியூகே கர்னல், ரஸ்ட் மொழியின் ஆர்டிஐசி எல்லாம் இந்தக் குடும்பம். ஆர்டிஐசியில் கார்டெக்ஸ்-எம் சிப்பின் இன்டரப்ட் கன்ட்ரோலரே ஷெட்யூலர் (அடுத்து எது ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும்) வேலையைப் பார்த்துக்கொள்கிறது. ஸ்டாக் தேவை டாஸ்க் எண்ணிக்கையைப் பொறுத்தல்ல, முன்னுரிமைப் படிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. நாளை நீங்கள் ஏஆர்எம் சிப்புக்குப் போனால் நான் முதலில் இந்தப் பக்கம்தான் பார்க்கச் சொல்வேன்.

இன்றைய பெட்டிக்கு வருவோம். ஓஎஸ் என்று பெயர் சொல்லி எதையும் இறக்க வேண்டாம், ஒரு பக்கத்துக்குள் அடங்கும் சி நிரல் போதும். ஒரு பைட் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் 8 பிட், ஒவ்வொரு பிட்டும் ஒரு நிகழ்வு. இன்டரப்ட் தன் பிட்டை 1 ஆக்கும். முதன்மை லூப் இன்டரப்ட்டை ஒரு கணம் நிறுத்தி அந்தப் பைட்டை நகலெடுத்து, மூலத்தைப் பூஜ்ஜியமாக்கி, இன்டரப்ட்டைத் திறந்து, 1 ஆக உள்ள பிட்டுகளின் ஹேண்ட்லர்களை முக்கியத்துவ வரிசையில் கூப்பிடும். மோட்டார் முதலில், எல்சிடி கடைசியில். ஒரே நிகழ்வு இரண்டு தடவை வந்தாலும் ஒரு பிட்தான். டைனிஓஎஸ் 2 கற்றுக்கொடுத்த பாடம் இது, நிரம்பி வழியக் கியூவே இல்லை. ஒவ்வொன்றையும் எண்ணியாக வேண்டிய இடத்தில், அதாவது மோடத்திலிருந்து வரும் பைட்டுகளுக்கு மட்டும், ஒரு ரிங் பஃபர் (வட்டமாகச் சுழற்றிப் பயன்படுத்தும் தற்காலிக இடம்). மோடத்துக்கும் ஈப்ராமுக்கும் புரோட்டோதிரெட், அது வெறும் ஹெடர் கோப்புகள்தான், இணைக்க நூலகம் எதுவும் தேவையில்லை. மோட்டாருக்கு ஸ்டேட் மெஷின். டைமர்களுக்கு மில்லிஸ் (பெட்டி தொடங்கியதிலிருந்து ஆன மில்லிவிநாடியைச் சொல்லும் அர்டுயினோ ஃபங்ஷன்), 'இப்போது கழித்தல் தொடங்கியது, இடைவெளியைவிடப் பெரிதா' என்றே ஒப்பிடுங்கள். 'இப்போது, முடியும் நேரத்தைவிடப் பெரிதா' என்று எழுதினால் 49 நாள் 17 மணி நேரத்தில் எண்ணி சுழலும்போது மோட்டார் விடிய விடிய ஓடும்.

மாற்றத் தொடங்குமுன் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் ஒவ்வொரு டாஸ்க்கின் ஸ்டாக்கிலும் இதுவரை தொடாமல் மிஞ்சிய இடம் எவ்வளவு என்று சொல்லும் 'ஹை வாட்டர் மார்க்' ஃபங்ஷன் இருக்கிறது. ஐந்து டாஸ்க்குடன் பெட்டியை ஒரு நாள் ஓடவிட்டு, எல்லா எண்ணையும் சீரியலில் அச்சிட்டுப் பாருங்கள். எல்சிடி டாஸ்க்கில் 90 பைட் சும்மா கிடந்து மோடம் டாஸ்க்கில் 3 பைட் மிஞ்சியிருந்தால், அந்த 90-ஐ இங்கே மாற்றி, ஸ்பிரின்ட்எஃப்பை எடுத்துவிட்டு, வாசகங்களை ஃபிளாஷுக்குத் தள்ளினாலே ஆறாவது டாஸ்க்குக்கு இடம் கிடைத்துவிடலாம். கிடைத்தால் இந்த சீசனுக்கு அப்படியே ஓட்டுங்கள். ஏழாவது வேலை வரும்போது மாற்றிக்கொள்ளலாம்.